நானூற்றுப் பன்னிரண்டு பேரும் முப்பத்தோரு சீஸ் ரோலும்

கீழே வருவது ஒவ்வொரு சொல்லும் சத்தியம். நியூசிலாந்தின் தென்தீவில், இதற்கும் தெற்கே போனால் பெங்குவினிடம்தான் வழி கேட்கவேண்டும் என்கிற இடத்தில், வைடோரு என்ற ஊரில், 2008 மார்ச் மாதம் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினோரு மணிக்குத் தொடங்கி மாலை நாலேகாலுக்கு முடிந்த விஷயம் இது. இதில் ஒரு எழுத்து பொய்யென்றாலும் சொன்ன வாய்க்கு அடுத்த வேளைச் சோறு இறங்காமல் போகட்டும். காற்றைப் பற்றிய பகுதி மட்டும் கொஞ்சம் குறைத்துச் சொல்லப்பட்டிருக்கிறது. முழுதும் சொன்னால் நம்பமாட்டீர்கள்.

அந்தக் காற்று தெற்கிலிருந்து வரும். காலையில் ஆட்டை மேய விட்டால் மாலையில் ஆடு மட்டும் வீடு திரும்பும். கம்பளி பக்கத்து ஊருக்குப் போயிருக்கும். அங்கே அதை ஸ்வெட்டராகப் பின்னிப் போட்டுக்கொண்டு அடுத்த வாரம் தேவாலயத்துக்கு வருவார்கள். ஆட்டுக்காரர் பார்த்து, "நல்ல ஸ்வெட்டர்" என்பார். வழக்கு வம்பு கிடையாது. வைடோரு மக்கள் அப்படி. முட்டை, தேன், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் ரோட்டோரத்தில் வைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு தகர டப்பாவையும் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார்கள். எடுத்தவன் காசு போடுவான். போடாதவனை அந்த ஊர் இன்னும் பார்த்ததில்லை.

அந்தக் காற்றில்தான் துப்பறிவாளர் அலிஸ்டர் பிர்னி வேனிலிருந்து இறங்கினார். வயது அறுபத்திரண்டு. முப்பது வருஷத் தொழிலில் ஒரு பொய் அறிக்கைகூட எழுதாதவர். அதனாலேயே வேன் பழையது. ஓட்டுநர் பக்கத்திலிருந்து குதித்தவள் அவருடைய உதவியாளர் ஹூயா தமாடி. முன்னாளில் குதிரைகளுக்கு லாடம் அடித்தவள். இப்போது மனிதர்களுக்கு, வாயால்.

குதிரை ரேக்ளாத் திடல் எதிரே விரிந்து கிடந்தது. புல் பாதை, ஒரு மரக் கேலரி, அதன்மேல் தகரக் கூரை. தலைமைச் சங்கத்து அதிகாரி கில்மோர் வாசலிலேயே காத்திருந்தார். கோட்டு, டை, கையில் பத்திரிகை.

"நாலு மணிக்கு இறுதிப் பந்தயம், மிஸ்டர் பிர்னி. அதுக்கு முன்னாடி உங்க அறிக்கை என் கையில இருக்கணும். விதி தெரியுமில்ல? தென்கோடிக் கோப்பைக்கு மூணு தகுதிச் சுற்று. மூணுக்கும் சேர்த்து சராசரி நானூறு பேராவது வந்திருக்கணும். இல்லேன்னா அடுத்த வருஷம் கோப்பை நகரத்துக்குப் போகும். இந்தத் திடலுக்கு உரிமமும் கிடையாது."

"டிக்கெட் பெட்டி என்ன சொல்லுது?"

"நானூத்தி ஏழு. நானூத்தி ஒன்பது. போன சனிக்கிழமை நானூத்திப் பன்னெண்டு."

"அப்புறம் என்ன? தேறிட்டாங்களே."

கில்மோர் பத்திரிகையைப் பிரித்தார். மூன்றாம் சுற்றின் படம். கொட்டும் மழையில் 'மூடுபனி' என்ற பெட்டைக் குதிரை ரேக்ளாவை இழுத்துக்கொண்டு எல்லைக் கம்பத்தைத் தாண்டுகிறது. அதன் பின்னால் முழுக் கேலரியும் தெரிகிறது. கேலரியில் ஒரு நாய் உட்கார்ந்திருக்கிறது.

"நாய் டிக்கெட் வாங்கிச்சா சார்?" என்றாள் ஹூயா.

கில்மோர் சிரிக்கவில்லை. "இந்தப் படத்தைப் பாத்துட்டுத்தான் எங்க தலைவர் விசாரிக்கச் சொன்னார். யாரோ கூட்டத்தைத் தயாரிக்கறாங்க. யாருன்னு சொல்லுங்க." அலுவலகச் சாவியைக் கொடுத்துவிட்டு வேகமாகப் போனார், எதையோ கொட்டிவிட்டுப் போகிறவர் மாதிரி.

வைடோருத் திடலுக்கு இரண்டு வாசல். முன்வாசலில் ஆர்ச்சி டாட்ஸ் நிற்பார். சங்கச் செயலாளரும் அவரே, கதவுக்காரரும் அவரே. வருகிறவர் டிக்கெட்டை இரண்டாகக் கிழித்து, பச்சைப் பாதியைப் பெட்டியில் போட்டு, குதிரைப் பட்டியல் அச்சிட்ட வெள்ளைப் பாதியைத் திருப்பிக் கொடுப்பார். தெற்கு வாசலில் ஆள் கிடையாது. பெட்டி மட்டும். நீயே கிழி, நீயே போடு, உள்ளே போ. முட்டைக்கு உள்ள நம்பிக்கைதான் டிக்கெட்டுக்கும்.

பிர்னி சனிக்கிழமைப் பெட்டிகள் இரண்டையும் அலுவலக மேஜையில் கொட்டினார். ஹூயா சாப்பாடு தேடிப் போனாள். பத்து நிமிஷத்தில் மூன்று சீஸ் ரோலும் ஒரு செய்தியுமாகத் திரும்பினாள்.

"பாஸ், சமையற்கட்டுப் பலகைல எழுதியிருக்கு. போன சனிக்கிழமை வித்த சீஸ் ரோல் முப்பத்தொண்ணு."

"அதுக்கென்ன?"

"அதுக்கென்னவா? இந்தப் பக்கத்து ஆளுங்க சாவு வீட்டுக்குப் போனாலே ஒண்ணு தின்னாம எழுந்திருக்க மாட்டாங்க. நானூத்திப் பன்னெண்டு பேர் வந்து முப்பத்தோரு சீஸ் ரோலா? மிச்சம் முன்னூத்தி எண்பத்தோரு பேருக்கும் ஒரே நாள்ல வயித்து வலியா?"

பிர்னி மேஜையைக் காட்டினார். முன்வாசல் பெட்டியில் இருந்தவை சின்னக் குவியல். மழையில் நனைந்து, காய்ந்து, அப்பளம் மாதிரிப் பொருமியிருந்தன.

"எண்ணிப் பார்த்தேன். முப்பத்தொண்ணு."

"தெற்கு வாசல்?"

"முன்னூத்தி எண்பத்தொண்ணு. தொட்டுப் பாரு."

தொட்டுப் பார்த்தாள். அத்தனையும் இஸ்திரி போட்டது மாதிரி மொடமொடவென்று இருந்தன.

"காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் மழை. இத்தனை பேரும் நனையாம எப்படி வந்தாங்க? குடைக்குள்ள பொறந்தவங்களா?"

"யாரும் வரலை, ஹூயா. டிக்கெட் மட்டும் வந்திருக்கு."

உலர்ந்த டிக்கெட்டுகளைப் பிர்னி முன்பே பிரித்து வைத்திருந்தார். ஆறு குவியல். முதல் குவியல் ஒவ்வொன்றிலும் சீஸும் வெங்காயமும் கலந்த கட்டைவிரல் ரேகை. இரண்டாவதில் குதிரை வாருக்குப் பூசும் எண்ணெய்க் கறை. மூன்றாவதில் நரைத்த குதிரை முடி. நான்காவதில் தொண்டை மிட்டாய் வாசனை. ஐந்தாவது இடப்பக்கமாக முறுக்கிக் கிழித்தது. ஆர்ச்சிக்கு வலது கையில் இரண்டு விரல் கிடையாது, அவர்தான் அப்படிக் கிழிப்பார். முன்வாசல் முப்பத்தொன்றும் அதே கிழிசல்தான்.

"ஒரே ஆளு, ஆறு மாறுவேஷம்" என்றாள் ஹூயா, வாய் நிறைய ரோலோடு.

"மாறுவேஷம் போடறவன் இவ்வளவு அசடாப் போடமாட்டான். ஆறாவதைப் பாரு."

ஆறாவது குவியலில் அறுபது டிக்கெட். ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி நேர்த்தி. கறை இல்லை, முடி இல்லை, மணம் இல்லை. ஆனால் அறுபதும் வெள்ளைப் பாதி.

ஹூயா மெல்லுவதை நிறுத்தினாள். "இதுல குதிரைப் பட்டியல் இருக்கே. இதையா பெட்டியில போடுவாங்க? இந்த ஊர்ல மூணு வயசுக் குழந்தைக்குக்கூட பச்சைன்னு தெரியுமே!"

"ஆமா. அறுபது டிக்கெட் வாங்கினவன், வாழ்க்கையில ஒரு டிக்கெட்கூட வாங்கினதில்ல."

சமையற்கட்டுக்கு ஜன்னல் கிடையாது. எட்னா மில்லிகன் ரொட்டிமேல் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். எழுபதை நெருங்கியவள். நூறு ரோல் ஏற்கெனவே அடுக்கியிருந்தாள். பிர்னி ஒரு டிக்கெட்டை அவள் முன் வைத்தார். அவள் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டாள், ஏப்ரனில் துடைத்தாள், துடைத்து என்ன பயன் என்று விட்டுவிட்டாள்.

"எழுபது டிக்கெட்" என்றாள். "ஒவ்வொரு சுத்துக்கும் எழுபது. கைது பண்றதுன்னா அடுப்பை அணைச்சுட்டு வரேன்."

"ஏன் ஆன்ட்டி?" என்றாள் ஹூயா.

எட்னா வெண்ணெய்க் கத்தியால் சுவரைக் காட்டினாள். சுவருக்கு அப்பால் ஓடுபாதையின் கடைசித் திருப்பம். "என் வீட்டுக்காரர் அங்கதானே இருக்கார்."

வைடோருவில் ரேக்ளா ஓட்டினவர்கள் செத்தால் சாம்பலைக் கடைசித் திருப்பத்தில்தான் தூவுவார்கள். இதுவரை நாற்பத்திரண்டு பேர் ஆகிவிட்டது. வெளியூர்க் குதிரைகள் அந்த இடத்தில் மிரண்டு பாய்ச்சல் எடுக்கும். பாய்ச்சல் எடுத்தால் பந்தயம் போச்சு, நடை மாறாமல் ஓடினால்தான் கணக்கு. உள்ளூர்க் குதிரைகளோ காதை மடக்கி மரியாதையாகக் கடந்துபோகும். இதைத் தீர்ப்பாளர்களே பார்த்திருக்கிறார்கள்.

"உரிமம் போச்சுன்னா பூட்டிருவாங்க. அப்புறம் என் புருஷனைப் பாக்க நான் யார்கிட்ட சாவி கேக்கறது, சொல்லுங்க?"

பிர்னி டிக்கெட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

"தப்புதான் ஐயா. ஆனா எழுபதுதானே? மிச்சம் முன்னூத்தி நாப்பது பேர் நிஜமா வந்திருக்காங்கல்ல? சத்தம் கேக்குது பாருங்க."

தலைக்கு மேலே, கேலரியின் தகரக் கூரை தெற்குக் காற்றில் படபடத்தது. ஜன்னல் இல்லாத அறையிலிருந்து கேட்டால், கைதட்டல். சந்தேகமே வராத கைதட்டல்.

"பத்திரிகைப் படத்துல நாய் மட்டும்தானே ஆன்ட்டி இருந்துது?"

"மழைம்மா. எல்லாரும் எங்கயாவது ஒதுங்கியிருப்பாங்க." எட்னா குரலைத் தாழ்த்தினாள். "ரோல்தான் போகலை. முப்பத்தொண்ணுதான் வித்துது. உப்பு கூடிப்போச்சு போல. இப்பல்லாம் என் கை சரியில்ல."

பிர்னி ஒரு ரோலை எடுத்து வாய்க்குள் போட்டுக்கொண்டார். மென்றார். "உப்பு சரியா இருக்கு" என்றார்.

லாயம் கேலரிக்குப் பின்னால், முதுகு காட்டி நின்றது. ஒரு கோடியில் மர்டோ கால்டர். மறு கோடியில் லாக்கி ஹீனன். இருவரும் பயிற்சியாளர்கள், இருவரும் ஓட்டுநர்கள், இருவருக்கும் அறுபத்தெட்டு வயது. 1979-இல் ஒருவர் சக்கரம் மற்றவர் சக்கரத்தில் மாட்டியதிலிருந்து பேச்சு வார்த்தை கிடையாது. ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் அவரவர் குதிரையிடம் சத்தமாகச் சொல்வார்கள். மற்றவர் தம் குதிரையிடம் பதில் சொல்வார். இப்படியே ஒரு பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தம்கூடப் பேசி முடித்திருக்கிறார்கள்.

கால்டர் 'மூடுபனி'யின் வாருக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார்.

"அறுபது" என்றார் உடனே. "என் பேரைப் போட்டுக்குங்க. ஆனா ஹீனன் காதுக்கு மட்டும் போகக்கூடாது."

"கேலி பண்ணுவாரா?"

"கேலி பண்ணினா பரவால்ல. மனசு ஒடிஞ்சுருவான். அவனோட குதிரையைப் பாக்கத்தான் ஜனம் வருது, அது எனக்கே தெரியும். அதுல அறுபது பேர் பொய்னு தெரிஞ்சா தாங்கமாட்டான். நான் செத்தாலும் இதை அவன்கிட்ட சொல்லிடாதீங்க."

மறு கோடியில் ஹீனன், 'அத்தையின் சந்தேகம்' என்ற நரைக்குதிரையின் பிடரியைச் சீவிக்கொண்டிருந்தார்.

"அறுபத்தொண்ணு."

"அந்த ஒண்ணு?" என்றாள் ஹூயா.

"அது குதிரைக்கு. இவனும் பாக்கத்தானே செய்யறான்?" சீப்பால் அந்தக் கோடியைக் காட்டினார். "அந்தக் கிழவன்கிட்ட சொல்லிடாதீங்க. அவன் பெட்டையைப் பாக்கறதுக்குன்னே பாதி ஊர் வருது. நான் டிக்கெட் வாங்கினது தெரிஞ்சா, அவனுக்காக வாங்கினேன்னு நினைச்சுப்பான். தலை கனத்து ரேக்ளாவிலேர்ந்து விழுந்துருவான்."

"அவருக்காக வாங்கலியா?"

ஹீனன் சீவிய இடத்தையே திரும்பச் சீவினார்.

"கூட்டத்தை நீங்க பாக்கறதில்லையா அங்கிள்?"

"எங்கே பாக்கறது? ஓட்டும்போது கண்ணு முன்னாடி இருக்கறது குதிரையோட பின்பக்கம். நாப்பத்தஞ்சு வருஷமா உலகத்தை அப்படித்தான் பாத்துட்டிருக்கேன். ஆனா சத்தம் கேக்கும். கடைசித் திருப்பத்துல அவ்வளவு சத்தம்!"

மேலே தகரம் படபடத்தது. ஹீனன் கண்ணை மூடிக் கேட்டார். "பாருங்க, இப்பவே வர ஆரம்பிச்சுட்டாங்க."

கேலரிக்கு மேலிருந்த கோபுரத்தின் உச்சியில் பந்தயத்தை ஒலிபெருக்கியில் விவரிக்கிற பேசில் டூமி தொண்டை மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு ஒப்புக்கொண்டார். "எழுபது. மைக்குல 'பெருங்கூட்டம்'னு சொல்றேனே, அதுல எழுபது பேர் பொய். மீதி சத்தியம்." அவருடைய ஜன்னல் ஓடுபாதையை மட்டும் பார்த்தது. கேலரி அவர் காலுக்குக் கீழே, முதுகுப் பக்கம்.

முன்வாசலில் ஆர்ச்சி டாட்ஸ், ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தபடி, "அறுபது" என்றார். "என் வாசல் வழியா முப்பத்தோரு பேர்தான் வந்தாங்க. அதான் வாங்கினேன். ஆனா தெற்கு வாசல்ல ஜனம் நல்லா வருது. அங்க கார் நிறுத்த வசதி, இல்லையா? அதனால நான் அறுபதோட நிறுத்திட்டேன்."

பிர்னியும் ஹூயாவும் கேலரியின் முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள். மணி மூன்று. வெயில் அடித்தது. கேலரியில் இருபத்தெட்டுப் பேரும் அந்த நாயும் இருந்தார்கள்.

"புரியுதா ஹூயா? இந்த ஊர்ல பந்தயம் நடத்தறவன் எவனும் இந்த பெஞ்சுல உட்கார்ந்ததில்ல. ஒருத்தி சுவத்தைப் பாக்கறா. ஒருத்தன் ரோட்டைப் பாக்கறான். ஒருத்தன் வானத்திலேர்ந்து புல்லைப் பாக்கறான். ரெண்டு பேர் குதிரை வாலைப் பாக்கறாங்க. காதுக்குக் கைதட்டல் கேக்குது. 'என்னோட கொஞ்சம் பொய்தான், மத்தது மெய்'னு ஒவ்வொருத்தரும் நிம்மதியா இருக்காங்க."

"நான் ஒரு கேஸ்ல அஞ்சு குற்றவாளியைப் பாத்திருக்கேன் பாஸ். அஞ்சு பேரும் ஒருத்தருக்கொருத்தர் தெரியாம, அஞ்சு பேருக்காகவே குற்றம் பண்ணினதை இப்பத்தான் பாக்கறேன்."

"உண்மையை எழுதினா திடல் போகும்."

"திடல் மட்டுமா?" ஹூயா நாயின் காதைச் சொறிந்தாள். "எட்னா ஆன்ட்டிகிட்ட யார் போய்ச் சொல்றது? 'உங்க எழுபது மட்டும் பொய்யில்ல, அந்த முன்னூத்தி நாப்பதும் பொய்தான், உப்பு சரியாத்தான் இருந்துது, தின்ன ஆளில்ல'ன்னு? எனக்கு லாடம் அடிக்கத் தெரியும். ஆணி நகத்துல மட்டும்தான் இறங்கணும், சதைல இறங்கக்கூடாது."

"ஆறாவது ஆள் யாருன்னு இன்னும் தெரியலை."

"அந்த வெள்ளைப் பாதி ஆசாமியா? நாயா இருக்குமோ? அதுவும் டிக்கெட் வாங்கினதில்ல."

மூன்றரை மணிக்குக் கில்மோர் எல்லோரையும் அலுவலக அறைக்கு வரவழைத்தார். எட்னா மாவுக்கையோடு வந்தாள். டூமி மிட்டாயோடு வந்தார். ஆர்ச்சி தொப்பியைக் கழற்றினார். கால்டரும் ஹீனனும் ஓட்டுநர் உடையில், அறையின் இரண்டு மூலையில். கில்மோர் கதவருகே நின்றார், முகம் வெளிறியிருந்தது.

"சொல்லுங்க, மிஸ்டர் பிர்னி. யார்?"

பிர்னி எழுந்தார். ஐந்து முகங்களும் அவரையே பார்த்தன. அவமானத்துக்குத் தயாரான முகங்கள்தான். ஆனால் ஒன்றில்கூடத் துக்கமில்லை. தான் ஒருவன் மாட்டிக்கொண்டாலும் ஊர் பிழைத்துக்கொள்ளும் என்ற தைரியம் ஐந்திலும் எழுதி ஒட்டியிருந்தது.

முப்பது வருஷம் பொய் சொல்லாத மனிதர், முதல் பொய்க்கு முன்னால் தண்ணீர் குடித்தார்.

"தெற்கு வாசல் பெட்டியில ஒருத்தர் நிறைய டிக்கெட் போட்டிருக்கார். ஒரே ஒருத்தர். மத்ததெல்லாம் நல்ல டிக்கெட். கழிச்சுப் பாத்தாலும் சராசரிக்குப் பெரிய சேதமில்ல."

யாரோ மூச்சு விட்டார்கள். எல்லோரும் விட்டிருக்கலாம்.

"யாருன்னு எனக்குத் தெரியும். பேரைச் சொல்லமாட்டேன். செஞ்சது தப்புன்னு அவருக்குத் தோணினா, ஒரே ஒரு நிமிஷம் தலையைக் குனிஞ்சு நிக்கட்டும். அது போதும்."

கூரைமேல் காற்று தட்டியது.

எட்னாவின் தலை முதலில் குனிந்தது. அடுத்த நொடியே ஆர்ச்சி. டூமி கண்ணை மூடி, தாடை மார்பில் பட. கால்டர் தம் மூலையில். ஹீனன் தம் மூலையில். ஐந்து தலையும் தரையைப் பார்த்தன. அதனால் ஒரு தலைகூட இன்னொரு தலையைப் பார்க்கவில்லை.

ஹூயா பிர்னியின் முழங்கையைப் பிடித்தாள். அவள் பார்வை கதவருகே போயிருந்தது.

கில்மோரின் தலையும் குனிந்திருந்தது.

முப்பது வருஷமாக இலவச அனுமதி அட்டையோடு எல்லாத் திடலுக்குள்ளும் நுழைந்த மனிதர். டிக்கெட்டில் எந்தப் பாதி உள்ளே, எந்தப் பாதி வெளியே என்று அவருக்கு எப்படித் தெரியும்?

பிர்னி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு இரண்டு நிமிஷம் விட்டார். "போதும்" என்றார். ஆறு தலையும் நிமிர்ந்தன. ஒவ்வொருவரும் சுற்றிப் பார்த்தார்கள்; மற்ற எல்லாத் தலையும் நிமிர்ந்தே இருப்பதைக் கண்டு நிம்மதியானார்கள். எட்னா, "ரோல் கருகிடும்" என்று ஓடினாள்.

கில்மோர் வராந்தாவில் அறிக்கையை வாங்கிப் படித்தார். இரண்டே வரி. 'மூன்றாம் சுற்றுக்கான பெட்டிகளில் நானூற்றுப் பன்னிரண்டு டிக்கெட்டுகள் இருந்தன. ஒவ்வொன்றும், இந்தப் பந்தயம் இங்கேயே நடக்கவேண்டும் என்று விரும்பிய மனிதர் ஒருவர் தம் கையால் வாங்கியது.' அதில் ஒரு பொய்யும் இல்லை. பிர்னி மூன்று முறை சரிபார்த்திருந்தார்.

"நன்றி" என்றார் கில்மோர். "தலைவர் துப்பறிவாளர் ஒருத்தரை அனுப்பச் சொன்னப்போ, தென்தீவுலயே ரொம்ப மந்தமா வேலை பாக்கறவர் யாருன்னு விசாரிச்சேன். நாலு பேர்கிட்ட கேட்டேன். நாலு பேரும் உங்க பேரைத்தான் சொன்னாங்க. ஏமாத்திட்டீங்க."

"ஏன் சார் செஞ்சீங்க?" என்றாள் ஹூயா.

"பதினேழு திடலுக்கு நான்தான் பூட்டு போட்டேம்மா. இந்தக் கையால. சில ஊர்ல கடைசிப் பந்தயத்துக்குப் பத்துப் பேர்கூட வரலை. இங்க மட்டும்தான் இன்னும் ஜனம் வருது. முதல் சுத்துக்கு நூலிழையில தப்பிக்கற மாதிரி இருந்துது, அதான் அறுபது... மழைக்கு எங்கயோ ஒதுங்கி நின்னிருக்காங்க, ஆனா என் அறுபதை விட்டாலும் முன்னூத்தி ஐம்பது பேர்! இந்தக் காலத்துல! அது போதும் எனக்கு." கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "நான் கிளம்பறேன். கூட்டத்துல மாட்டிக்கிட்டா வண்டியை எடுக்க முடியாது."

அவர் தெற்கு வாசலை நோக்கி நடந்தார். ஹூயா பின்னாலேயே கூப்பிட்டாள்: "சார்! பச்சைப் பாதி! அடுத்த வருஷம் பச்சைப் பாதியைப் போடுங்க!"

அவர் திரும்பாமல் கையை உயர்த்தினார்.

சரியாக நாலு மணிக்கு ஒன்பது ரேக்ளாக்கள் புறப்பட்டன. இரண்டாம் சுற்றிலேயே வெளியூர்க் குதிரை இரண்டு பாய்ச்சல் எடுத்துக் கழன்றுகொண்டன. கடைசித் திருப்பத்துக்குள் நுழைந்தபோது நரைக்குதிரையும் பெட்டையும் மட்டும் முன்னணியில், சக்கரத்தோடு சக்கரம். நாற்பத்திரண்டு பேர் படுத்திருக்கிற அந்த வளைவில் இரண்டும் காதை மடக்கின. "பெருங்கூட்டம் எழுந்து நிற்கிறது!" என்று ஒலிபெருக்கியில் டூமி அலறினார். கேலரியில் எழுந்து நின்றது நாய்.

மூடுபனி அரை மூக்கு முன்னால் கம்பத்தைத் தாண்டியது. கால்டர் வண்டியைத் திருப்பிக்கொண்டு கேலரிக்கு எதிரே வந்தார். நாலு மணி வெயில் நேராக அவர் கண்ணில். கூரைக்கு அடியில் இருட்டைத் தவிர அவருக்கு எதுவும் தெரிய வழியில்லை. தொப்பியைக் கழற்றினார். பின்னாலேயே வந்த ஹீனனும் கழற்றினார். இரண்டு கிழவர்களும் தலை வணங்கி, இருட்டைப் பார்த்துக் காத்திருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து, அந்த ஊரில் வருஷத்துக்கு ஒரு முறைகூட நிற்காத காற்று நின்றது.

தகரம் மௌனமானது. கால்டர் தலையைச் சாய்த்துக் காது கொடுத்தார்.

ஹூயா பெஞ்சின்மேல் ஏறினாள். "மர்டோ!" என்று கத்தினாள். லாடக்கடையில் பழகிய குரல். இருநூறு பேருக்குக் குறையாது. "லாக்கி!" முப்பது வருஷம் குரலை உயர்த்தாத பிர்னி பக்கத்தில் ஏறி நின்று, மீதி இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் தாமே கத்தினார். இருபத்தெட்டுப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள். என்னவென்று தெரியாமலே அவர்களும் எழுந்து கத்தினார்கள். பெஞ்சுகளைக் காலால் உதைத்தார்கள். நாய் ஊளையிட்டது. கத்தக் கத்தப் பிர்னியின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. துடைக்க அவருக்குக் கை இல்லை, இரண்டும் தட்டிக்கொண்டிருந்தன.

கால்டர் தம் குதிரையிடம் சத்தமாகச் சொன்னார்: "பாத்தியாடி, எவ்வளவு ஜனம்!"

ஹீனன் தம் குதிரையிடம் பதில் சொன்னார்: "அடுத்த வருஷம் இதைவிட வரும்டா."

வைடோருத் திடலின் வேலியைப் பிடுங்கி, கேலரிக் கூரையைப் பழைய தகரத்துக்கு விற்று, ஓடுபாதையைக் கடைசித் திருப்பம் உட்பட உழுது, பால்மாடுகளுக்குப் புல் விதைத்தது 2006 ஆகஸ்டில், மேலே சொன்ன ஞாயிற்றுக்கிழமைக்குப் பத்தொன்பது மாதம் முன்பே.